மாதிரி ரயில்களுக்கு எழுத்தமைத்தல்: நீரில் நழுவும் ஒட்டுப்படத்தை இல்லத்திலேயே அச்சிடும் முறை

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் இருப்புப்பாதை 1932ஆம் ஆண்டில் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. புதுநகரம், கொல்லங்கோடு, முதலமடை ஆகிய நிலையங்களைக் கடந்து, பெருமாட்டி வட்டாரத்தைச் சார்ந்த மீனாட்சிபுரத்தை அடைந்து, பின்னர் மாநில எல்லையைத் தாண்டி, ஆனைமலை ரோடு நிலையத்தின் வழியாக அது பொள்ளாச்சியைச் சேர்கிறது. 2008இல் அப்பாதையில் மீட்டர் பாதை வண்டிகள் நின்றன. 2015இல் அதே தடத்தில் அகலப் பாதை வந்தது. தென்னாட்டில் மீட்டர் பாதையில் இன்றும் ஓடுவது நீலகிரி மலை ரயில் ஒன்றே. ஆகவே, பெருமாட்டியிலும் சிற்றூர் வட்டத்தின் பிற ஊர்களிலும் இன்று பயிலும் மாணவர்கள், தங்கள் பாட்டனார் ஏறிச் சென்ற வண்டியைக் கண்ணால் காண இயலாது. ஓர் அளவு மாதிரியைக் கொண்டுதான் ஆசிரியர் அதனை விளக்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய மாதிரியைச் செய்வது இப்போது அத்தனை அரிதன்று. அட்டை, மெல்லிய மரப்பலகை, பிளாஸ்டிக் தகடு ஆகியவற்றைக் கொண்டு பெட்டியின் உடலைச் செய்துவிடலாம். 87இல் ஒரு பங்கு என்னும் அளவு உலகெங்கும் வழக்கில் உள்ளது. அவ்வளவில் 1,000 மில்லிமீட்டர் அகலமுள்ள மீட்டர் பாதை 11.5 மில்லிமீட்டராகச் சுருங்கும். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்குப் பெரும்பாலும் பொருந்திவிடும். நமது நாட்டு அகலப் பாதையோ 1,676 மில்லிமீட்டர், அது 19.3 மில்லிமீட்டராகச் சுருங்க, கடையில் அவ்வளவுக்குக் கிடைக்கும் தண்டவாளம் 16.5 மில்லிமீட்டரே. மறைந்துபோன பாதையின் மாதிரியைச் செய்வது இருக்கும் பாதையின் மாதிரியைச் செய்வதைவிட இவ்வகையில் எளிது என்பது வியப்பே.

இடர்ப்பாடு எழுத்தில் வருகிறது. நிலையப் பெயர்ப்பலகை, பெட்டியின் எண், வகுப்புக் குறி முதலியவற்றைத் தூரிகையால் 2 மில்லிமீட்டர் உயரத்தில் எழுதத் தேர்ந்த கையாலும் ஆகாது. வெளிநாட்டு மாதிரிகளுடன் வரும் ஒட்டுப்படங்களில் அந்நாட்டு எழுத்துகளே உள்ளன. தமிழும் மலையாளமும் வேண்டுமாயின் ஒட்டுப்படத்தைத் தாமே அச்சிட்டுக்கொள்ளுதலே வழி. மாதிரியைக் கொண்டு கண்காட்சி நடத்தும் நீர்ப்பாசன, வேளாண்மைக் களப்பணியாளர்க்கும் இதே நிலைதான். மூலத்தறை நீரொழுங்கியையும் அதன் வாய்க்கால்களையும் களிமண்ணில் அழகாக வனைந்துவிட்டு, காகிதத் துண்டில் பேனாவால் எழுதிய பெயரை ஊசியில் குத்தி நிறுத்துவது பல கண்காட்சிகளில் காணும் காட்சி.

ஒட்டுப்படத்தின் அமைப்பு

டெக்கால் என வழங்கும் நீர்நழுவு ஒட்டுப்படம் எவருக்கும் முற்றிலும் புதியதன்று. பழைய மிதிவண்டிகளின் குழாயிலும் தையல் இயந்திரத்தின் கழுத்திலும் காணப்பட்ட பொன்னிற முத்திரைகள் இவ்வினத்தைச் சேர்ந்தவை. குழந்தைகள் மிட்டாய் உறையிலிருந்து எடுத்து, நீர் தொட்டுக் கையில் ஒட்டிக்கொள்ளும் படமும் இதற்கு உறவே. ஆனால் அவ்விரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கையில் ஒட்டும் படம் முகங்குப்புற வைக்கப்படுவதால் அதனை இடவலம் மாற்றி அச்சிடுகிறார்கள். மாதிரிக்குரிய நீர்நழுவு படம் முகம் மேலிருக்கும்படியே தாளிலிருந்து நழுவி இறங்குவதால், படிக்கும் முறையிலேயே அதனை அச்சிடல் வேண்டும். கண்ணாடிச் சாளரத்தின் உட்புறத்தில் ஒட்டி வெளியிலிருந்து படிக்க வேண்டிய எழுத்துக்கு மட்டுமே இடவல மாற்றம் தேவை. இதனை மறந்து முதல் தாளை வீணாக்குபவர் பலர்.

தாளின்மேல் படத்தை அச்சிட்டு, அங்கிருந்து வேறொரு பொருளுக்கு மாற்றும் உத்தி பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1756இல் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் ஜான் சாட்லர், கை கிரீன் என்னும் இருவர் ஆறு மணி நேரத்துக்குள் 1,200க்கு மேற்பட்ட சுவர் ஓடுகளில் படம் பதித்ததாக உறுதிமொழி அளித்தனர். பீங்கான் கலங்களில் பூவேலை மலிந்ததற்கு அவ்வுத்தியே காரணம். மாதிரிகளுக்கான ஒட்டுப்படம் அதன் வழித்தோன்றல்.

ஒட்டுப்படத் தாளைக் குறுக்காக வெட்டி நோக்கினால், கீழிருந்து மேலாக நான்கு அடுக்குகளைக் கருதலாம். அடியில் நீரை உறிஞ்சும் தாள். அதன்மேல் நீரில் கரையும் பசை. அதன்மேல் நீரில் கரையாத மெல்லிய, ஒளி ஊடுருவும் படலம். படலத்தின்மேல் அச்சு மை. தாளை நீரில் இட்டதும் நீர் பின்புறமாக ஊறிப் பசையை இளக்குகிறது. பசை இளகியதும் படலம் தாளின் பிடியிலிருந்து விடுபட்டு, மையைச் சுமந்துகொண்டு நழுவுகிறது. நீருக்கு ஒரே வேளையில் ஓர் அடுக்கு இணங்கவும் மற்றோர் அடுக்கு இணங்காதிருக்கவும் வேண்டும் என்பதே இதன் தத்துவம். இல்லத்தில் அச்சிடுவோர்க்கு நேரும் தோல்விகளை ஆராய்ந்தால், பெரும்பாலானவை இணங்கக் கூடாத அடுக்கில் நீர் புகுந்தமையால் விளைந்தவை என்பது புலப்படும்.

பசை பெரும்பாலும் டெக்ஸ்ட்ரின் என்னும் பொருளாகும். மாவுப்பொருளை உலர்ந்த நிலையில் வறுத்தால் அதன் நீண்ட மூலக்கூறுகள் துண்டுபட்டு, குளிர்ந்த நீரிலும் கரையும் தன்மையைப் பெறும். 1821இல் டப்ளின் நகரின் ஒரு துணியாலையில் தீப்பற்றியபோது, கருகிப் பழுப்பேறிய மாவு நீரில் கரைந்து பிசுபிசுப்பதைத் தொழிலாளி ஒருவர் கண்டதிலிருந்து இப்பசை பயனுக்கு வந்ததாகக் கூறுவர். கரைசலின் ஊடே செல்லும் ஒருதள ஒளியை வலப்பக்கமாகத் திருப்புவதால், வலம் என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வந்தது.

பாலக்காட்டுப் பள்ளியில் இதனைச் செய்து காட்டுவதற்கு மரவள்ளிக் கிழங்கு மாவே போதும். ஒரு கரண்டி மாவை இரும்புச் சட்டியில் இட்டு, இளந்தீயில் இடைவிடாது கிளறி, வெளிர் பழுப்பு நிறம் வரும்வரை வறுக்க வேண்டும். வறுக்காத மாவைக் குளிர்ந்த நீரில் கலக்கினால் அடியில் தங்கும். வறுத்த மாவில் ஒரு பகுதி கரைந்து, விரலில் ஒட்டும். ஒவ்வொன்றிலும் ஒரு துளி அயோடின் கரைசலை விட்டால், முன்னது கருநீலமாகும். பின்னதன் தெளிநீரோ, வறுபட்ட அளவுக்கேற்ப, ஊதா அல்லது செம்பழுப்பு நிறம் காட்டும். உயர்நிலை வகுப்பின் இரசாயனப் பாடத்துக்கு இது நல்ல சோதனை.

இவ்வாறு செய்த பசையைத் தாளில் பூசி, அதன்மேல் லாக்கர் தெளித்து, ஒட்டுப்படத் தாளையே இல்லத்தில் செய்துகொள்ளலாமே என்று தோன்றக்கூடும். கையால் எழுதும் எழுத்துக்கு அது உதவும். அச்சுப்பொறிக்கு அதனைக் கொடுத்தல் கூடாது. லேசர் பொறியின் உள்ளே சூடேறும் உருளையில் லாக்கர் இளகி ஒட்டிக்கொண்டால் பொறியே பழுதாகும். இங்க்ஜெட் பொறியின் நீர்மையோ லாக்கரில் ஊறாமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும். ஆகவே அச்சுக்குரிய தாளை விலை கொடுத்து வாங்குவதே சிக்கனம்.

பொறியும் மையும்

விற்பனைத் தாளில் இரு வகை உண்டு: லேசர் பொறிக்குரியது ஒன்று, இங்க்ஜெட் பொறிக்குரியது மற்றொன்று. ஒன்றுக்குரியதை மற்றதில் இடலாகாது. லேசர் பொறியில் மை என்பது பிளாஸ்டிக் கலந்த நுண்பொடி, டோனர் எனப்படும். அது சூட்டினால் உருகிப் படலத்தின்மேல் ஒட்டுகிறது, நீரால் கரைவதில்லை. இங்க்ஜெட் மை பெரும்பாலும் நீரில் கரைவது. எனவே அதனை அச்சிட்டபின் பல மணி நேரம் உலரவிட்டு, ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தெளிப்பு வார்னிஷை இரண்டு அல்லது மூன்று மெல்லிய பூச்சுகளாகத் தெளித்து, அதன்மேல் நீர் புகாமல் மூட வேண்டும். ஒரே தடித்த பூச்சாகத் தெளித்தால் வார்னிஷின் கரைப்பானில் மையே ஊறிக் கசியும். வெட்டிய ஓரங்களில் நீர் புகக்கூடுமாதலால், எழுத்தைச் சுற்றிச் சிறிது இடம் விட்டு வெட்டுதல் நன்று.

கறுப்பு எழுத்து மட்டும் வேண்டுவோர்க்கு லேசர் பொறியே ஏற்றது. அப்பொறி இல்லத்தில் இல்லையெனினும் சிற்றூரிலோ பொள்ளாச்சியிலோ ஜெராக்ஸ் கடைகளில் உண்டு. கடைக்காரர் அறியாத தாளைத் தம் பொறியில் இடத் தயங்குவார். அவர் தயக்கம் நியாயமானதே. லேசர் பொறிக்குரியது என்று அச்சிட்ட உறையை உடன் கொண்டுசென்று காட்டுவதும், கைவழி நுழைக்கும் தட்டில் ஒவ்வொரு தாளாக இடச் சொல்வதும் முறை. முதலில் சாதாரணத் தாளில் ஒரு படி எடுத்து, அதனை மாதிரியின்மேல் வைத்துப் பார்த்து, அளவு சரியென்று துணிந்தபின்பே ஒட்டுப்படத் தாளைத் தொட வேண்டும். பொறியில் 'பக்கத்துக்கு ஏற்பச் சுருக்குக' என்னும் ஏற்பாடு இயங்கிக்கொண்டிருந்தால் எல்லா அளவும் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கு குறைந்துவிடும். 100 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கோட்டைத் தாளின் ஓரத்தில் சேர்த்து அச்சிட்டு, அளவுகோலால் அளந்தால் இப்பிழை உடனே வெளிப்படும்.

நிறத்தைப் பற்றி ஒன்று கூறுதல் அவசியம். சாதாரண அச்சுப்பொறியில் வெள்ளை மை இல்லை. தாளின் வெண்மையையே அது வெள்ளையாகப் பயன்படுத்துகிறது. பிற மைகளும் ஒளி ஊடுருவுபவை. ஆதலின் தெளிந்த படலத்தில் அச்சிட்ட மஞ்சள் எழுத்தை நீலப் பெட்டியின்மேல் ஒட்டினால் எழுத்தே காணாமற்போகும். நிலையப் பலகைக்கு இதனால் இடையூறு இல்லை. பலகையை முதலில் மஞ்சள் வண்ணத்தால் பூசிவிட்டு, கறுப்பு எழுத்தை மட்டும் தெளிந்த படலத்தில் அச்சிட்டு ஒட்டினால் போதும். கருநிறப் பெட்டியின்மேல் வெளிர் எழுத்து வேண்டுமாயின் வெள்ளைப் படலமுள்ள தாளை வாங்கி, எழுத்தைச் சுற்றிப் பெட்டியின் நிறத்தையே அச்சிட்டு, அந்நிறப் பட்டையோடு சேர்த்து வெட்டி ஒட்டுவர். பூச்சின் நிறமும் அச்சின் நிறமும் முற்றும் ஒத்துப்போவது அரிது. பெட்டியின் கட்டமைப்பில் இயல்பாக உள்ள ஒரு விளிம்பிலோ வரிப்பட்டையிலோ பட்டையின் ஓரம் முடியுமாறு அமைத்தால் வேறுபாடு கண்ணில் படாது. வெள்ளை டோனர் கொண்ட பொறிகள் பெருநகர அச்சகங்களில் உண்டு. ஒரு பள்ளியின் தேவைக்கு அது மிகை.

எழுத்தின் அளவும் புள்ளியின் கதியும்

உரோமன் எழுத்துக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் காணக் கிடைக்காத சிக்கல் ஒன்று தமிழுக்கு உண்டு. அது மெய்யெழுத்தின் புள்ளி.

பலகையில் 300 மில்லிமீட்டர் உயரமுள்ள எழுத்து 87இல் ஒரு பங்கு அளவில் 3.4 மில்லிமீட்டராகும். 150 மில்லிமீட்டர் எழுத்து 1.7 ஆகவும், பெட்டியின் ஓரத்தில் உள்ள 50 மில்லிமீட்டர் எழுத்து 0.6 ஆகவும் குறையும். அங்குலத்துக்கு 600 துளி இடும் பொறியில் ஒரு துளியின் அகலம் 0.042 மில்லிமீட்டர். புள்ளியின் விட்டம் எழுத்தின் உயரத்தில் ஏழில் ஒரு பங்கு என்று கொண்டால், முதல் எழுத்தில் அப்புள்ளிக்குப் பன்னிரண்டு துளிகளும், இரண்டாவதில் ஆறு துளிகளும், மூன்றாவதில் இரண்டே துளிகளும் கிடைக்கின்றன. இரண்டு துளி அகலமுள்ள புள்ளி ஒன்று அச்சில் விழாதொழியும். அன்றேல் எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆங்கில எழுத்தில் ஐயின் மேற்புள்ளி விழுந்தாலும் சொல் மாறாது. தமிழில் சொல்லே மாறிவிடும். அணையின் மாதிரி ஒன்றில் 'மண் அணை' என்று எழுதிய இடத்தில் புள்ளி விழுந்தால் 'மண அணை' என்றாகும். பார்க்க வரும் உழவர் அங்கே மாப்பிள்ளையையும் பெண்ணையும் தேடுவார். 'மீனாட்சிபுரம்' என்னும் பெயரில் டகரத்தின் புள்ளியும் ஈற்று மகரத்தின் புள்ளியும் காக்கப்பட வேண்டியவை. மலையாளத்திலும் அப்பெயரின் ஈற்றில் வரும் சிறுவட்டம் உள்ளே மை அடைத்துக்கொண்டு வெறும் புள்ளியாகிவிடுவதுண்டு.

இதற்குப் பரிகாரம் எழுத்துருவைத் தெரிந்தெடுப்பதில் தொடங்குகிறது. தடிப்பும் மெலிவும் மாறி மாறி வரும் அலங்கார எழுத்தை விலக்கி, எங்கும் ஒரே தடிப்புள்ள எழுத்தைக் கொள்ளுதல் வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கீழ்ப்பட்ட எழுத்தில், கணிப்பொறியில் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றிப் புள்ளியைத் தனியே பிரித்து, இயல்பைவிடச் சிறிது பெரிதாக்கி, தலையிலிருந்து சற்று உயர்த்தி வைக்க வேண்டும். ணகரத்துக்கும் னகரத்துக்கும் உள்ள சுழி வேறுபாடும் சிறிய அளவில் அடைபடும். அங்கே சுழியைத் திறந்து அகலப்படுத்த வேண்டும். இவ்வாறு திருத்திய எழுத்து பெரிதாக்கிப் பார்க்கும்போது விகாரமாகவே தோன்றும். மாதிரியை மாணவர் பார்ப்பது ஒரு முழத் தொலைவிலிருந்து என்பதை நினைவிற்கொண்டால் விகாரம் பொருட்டாகாது. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழ்ப்பட்ட தமிழ் எழுத்தை இல்லத்துப் பொறியில் அச்சிட முயலாமலிருப்பதே அறிவு. அதனைக் கோடாகக் காட்டிவிட்டு, பெட்டியின் எண்ணை மட்டும் படிக்கும்படி அமைத்தால் போதுமானது.

அடுத்து, எழுத்தின் வடிவம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்பதையும் உறுதி செய்ய வேண்டும். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டது. அதன்படி ணா, றா, னா ஆகியனவும், அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும், ணை, லை, ளை, னை ஆகியனவுமாகப் பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. அதற்கு முன் லை, னை முதலியவற்றில் ஐகாரக் குறி தனியே முன்னால் நில்லாமல், எழுத்தின் தலைமேல் யானைத் துதிக்கைபோல் வளைந்து நின்றது. னா முதலியவற்றில் கால் தனித்து நில்லாமல் எழுத்தோடு இணைந்து சுழிந்தது. பொள்ளாச்சியை அடுத்த நிலையத்தின் பெயரில் உள்ள 'ஆனைமலை' என்னும் சொல்லில் னை, லை இரண்டும் வருகின்றன. 1960ஆம் ஆண்டின் ஆனைமலை ரோடு நிலையத்தை மாதிரியாகச் செய்து, அதில் இன்றைய எழுத்தைப் பொறித்தால், வண்டி ஒரு காலத்ததாகவும் பலகை வேறொரு காலத்ததாகவும் நிற்கும். 'மீனாட்சிபுரம்' என்பதிலும் னா உண்டு. மலையாள எழுத்தும் 1971இல் சீர்திருத்தம் பெற்றது. உகரக் குறி எழுத்திலிருந்து பிரிந்தது அப்போதுதான். அப்பெயரின் 'பு' அம்மாறுதலுக்கு உட்பட்டது. ஆக இவ்வெல்லைப்புற நிலையத்தின் பெயர் இரு மொழிகளிலும் ஏழாண்டு இடைவெளியில் உருமாறிய பெயர்.

இன்றைய கணிப்பொறி எழுத்துருக்களில் மிகப் பலவற்றில் பழைய வடிவங்கள் இல்லை. 1978க்கு முன் அச்சான ஒரு நூலின் தலைப்பெழுத்தை நிழற்படம் எடுத்து, அதன் மேலேயே கோட்டுருவை வரைந்துகொள்ளலாம். ஊரில் பெயர்ப்பலகை எழுதிய முதியவர் எவரேனும் இருந்தால், அவரைக் கொண்டு அவ்வெழுத்துகளைப் பெரிய தாளில் எழுதச் செய்து சுருக்கிக்கொள்வது அதனினும் நன்று. பலகை எழுத்தின் வீச்சு நூல் எழுத்தில் இராது. பலகையில் எந்தெந்த மொழிகள் எந்த வரிசையில் இருந்தன என்பதை ஊகத்தால் அமைத்தல் கூடாது. அக்காலத்து நிழற்படம் ஒன்று குடும்பங்களில் எவரிடமேனும் இருக்கும். மாணவர்களை விட்டுத் தேடச் செய்தால் கிடைக்கும். ஆணை பிறந்த அன்றே நாடெங்கும் பலகைகள் மாற்றி எழுதப்பட்டுவிடுவதில்லை என்பதால், ஆண்டைக் கொண்டு வடிவத்தைத் துணிவதைவிட நிழற்படத்தைக் கொண்டு துணிவதே பாதுகாப்பானது.

நீர்

பெருமாட்டி ஊராட்சியின் பெயர் நாடறிந்ததற்கு நீரே காரணம். பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கிய குளிர்பான ஆலைக்கு 2003இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததும், 2004இல் ஆலை நின்றதும், அதையொட்டி எழுந்த நிலத்தடி நீர் வழக்கும் பலரும் அறிந்தவை. கிணற்று நீர் உவர்ப்பேறியும் கடினமாகியும் போயிற்று என்பதே அங்கு மக்கள் முதன்முதல் எழுப்பிய முறையீடு. ஒட்டுப்படத்துக்கும் கடின நீர் ஆகாது. படலத்தின் அடியில் தங்கும் நீர் உலரும்போது, அதில் கரைந்திருந்த கால்சிய, மக்னீசிய உப்புகள் அங்கேயே வெண்படிவாக நின்றுவிடும். தெளிந்த படலத்தின் கீழ் அது பூஞ்சணம் பூத்ததுபோல் தோன்றும். பின்னர் அதனைத் துடைக்க வழியில்லை.

நீரைக் கொதிக்கவைத்து ஆற வைத்தால் பைகார்பனேட்டால் வந்த தற்காலிகக் கடினத்தன்மை நீங்கும். பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்கு படிவதே அதற்குச் சான்று. சல்பேட்டு, குளோரைடு உப்புகளால் வரும் நிலையான கடினத்தன்மை கொதிப்பினால் நீங்காது. ஆகவே மழைநீரைத் தூய பாத்திரத்தில் பிடித்து வைத்துப் பயன்படுத்தலாம். இன்றேல் மின்கலத்துக்கு ஊற்றுவதற்காக விற்கும் காய்ச்சி வடித்த நீரை வாங்கலாம். ஒரு வகுப்பின் வேலை முழுமைக்கும் அரை லிட்டர் மிகுதி. கிணற்று நீர், கொதித்த நீர், வடித்த நீர் ஆகிய மூன்றிலும் ஒவ்வொரு துளி எடுத்துக் கறுப்புக் கண்ணாடித் தகட்டில் உலரவிட்டால், வளையமாகப் படியும் வெண்மையின் வேறுபாட்டை மாணவர் நேரில் காண்பர். தத்தம் வீட்டுக் கிணற்று நீரைக் கொண்டுவரச் செய்தால் இச்சோதனை இன்னும் பயனுடையதாகும்.

ஒட்டும் முறை

மாதிரியின் பரப்பு வழவழப்பாக இருத்தல் முதல் நிபந்தனை. மங்கலான வண்ணப்பூச்சு உண்மையில் நுண்ணிய மேடு பள்ளங்களாலானது. படலம் மேடுகளின்மேல் படிந்து பள்ளங்களை மூடும்போது அங்கே காற்று சிறைப்படுகிறது. படலத்துக்கும் காற்றுக்கும் இடைப்பட்ட பரப்பில் ஒளி தெறித்து, எழுத்தைச் சுற்றி வெள்ளிபோல் மினுக்கம் உண்டாகும். இதனை 'வெள்ளி பூத்தல்' என்று கூறலாம். ஒட்டுவதற்கு முன் அவ்விடத்தில் பளபளப்பான வார்னிஷைப் பூசி உலரவிட்டால் பள்ளங்கள் நிரம்பிவிடும். ஒட்டி உலர்ந்தபின் எல்லாவற்றின் மீதும் மங்கல் வார்னிஷைத் தெளித்தால் பளபளப்பும் மறையும், படலத்தின் விளிம்பும் மறையும்.

வெட்டிய படத்தை இடுக்கியால் பிடித்து நீரில் பத்து அல்லது பதினைந்து வினாடி அமிழ்த்தி எடுத்து, ஈரமான துணியின்மேல் ஒரு நிமிடம் வைக்க வேண்டும். நீரிலேயே மிதக்கவிடுவது பலர் செய்யும் தவறு. படலம் நழுவுவதோடு நில்லாமல் பசையும் முழுவதும் கழுவப்பட்டுப் போகும். உலர்ந்தபின் பிடிப்பு இராது. விரலால் மெல்லத் தள்ளிப் பார்க்கையில் படலம் அசைந்தால் தருணம் வந்ததென்று அறியலாம். ஒட்டுமிடத்தில் ஒரு துளி நீரைத் தூரிகையால் வைத்து, தாளை அருகில் பிடித்து, படலத்தை அங்கே நழுவவிட வேண்டும். தாளிலிருந்து உரித்தெடுத்தல் கூடாது; படலம் சுருண்டு தன்மேல் தானே ஒட்டிக்கொண்டால் மீட்பது கடினம். இடம் சரியானபின் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஒற்றுத்தாளால் நீரை ஒற்றியெடுக்க வேண்டும்.

ஆணித்தலை, பலகை இடுக்கு போன்ற மேடு பள்ளங்களில் படலம் விறைத்து நிற்குமாயின் அதனை இளக்குவதற்கென விற்கும் திரவம் உண்டு. அதனைத் தொட்டவுடன் படலம் சுருக்கம் விழுந்து, கெட்டுவிட்டதுபோல் தோன்றும். அப்போது கை வைக்காமலிருந்தால் உலர உலரத் தானே விரிந்து படியும். இல்லத்து இங்க்ஜெட் படலங்களில் சில இத்திரவத்தைத் தாங்கா. கழிவுத் துண்டு ஒன்றில் சோதித்த பிறகே மாதிரியில் இட வேண்டும். திரவம் கிடைக்காத இடத்தில் நீருடன் சரிபாதி கலந்த வினிகர் ஓரளவுக்கு உதவும்.

தெளிப்பு வார்னிஷுக்குப் பருவம் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால், கரைப்பான் விரைந்து ஆவியாகையில் பரப்பு குளிர்ந்து அதில் ஈரம் படிய, வார்னிஷ் பால்போல் வெளுக்கும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து உலர்காற்று வீசும் மார்கழி, தை மாதங்கள் உலர்த்துவதற்கு மிக ஏற்றவை. ஆனால் அக்காற்று புழுதியையும் சுமந்துவரும். தெளித்த உடனே மாதிரியின்மேல் அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் புழுதி படியாது. தெளிக்கும் வேலையைத் திறந்த வெளியில், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில், ஆசிரியரே செய்தல் வேண்டும். வெட்டவும் ஒட்டவும் மாணவரை விடலாம்.

எஞ்சிய தாளை மடிக்காமல், ஈரம் புகாத பிளாஸ்டிக் உறையில் இட்டு, கனமான புத்தகத்தின் கீழே வைக்க வேண்டும். உறையின்மேல் வாங்கிய மாதமும் பொறியின் வகையும் எழுதப்பட்டிருக்கட்டும். ஓராண்டுக்கு மேற்பட்ட தாளானால், ஓரத்தில் விரலகலத் துண்டு ஒன்றை வெட்டி நீரில் இட்டுப் பார்க்க வேண்டும். படலம் துண்டு துண்டாக வெடித்து மிதந்தால், மீதமுள்ள தாளின்மேல் மெல்லிய வார்னிஷ் ஒருமுறை தெளித்து, ஒரு நாள் உலர்த்தி, மறுபடியும் சோதித்தபின் பயன்படுத்தலாம்.